வெள்ளி மாத்திரை மூன்று

கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்து, மருந்துச் சீட்டை வைக்க வேண்டிய இடத்தில் ஒரு போலீஸ் புகாரின் நகலை வைத்தாள்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தின் பின்சந்தில் இருக்கும் அந்தக் கடை மலர்விழியுடையது. முப்பது வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுத்து ஓய்வு பெற்றவர். மாத்திரை விஷயத்தில் குழம்பிப்போன சுற்றுவட்டாரம் முழுவதும் அவரிடம்தான் வந்து நிற்கும். கடை வாசலில் கிடக்கும் பிளாஸ்டிக் ஸ்டூல் ஓய்வு பெற்ற ஏட்டு தமிழ்வேந்தனுடையது. மூன்று வருடத்துக்கு முன் பிரஷர் மாத்திரை வாங்க வந்தவர் இன்னும் எழுந்து போகவில்லை. முப்பத்து நான்கு வருட உத்தியோகத்தில் ஒரு கொலையைக்கூடத் தானாகக் கண்டுபிடிக்க முடியவில்லையே என்ற குறை அவருக்கு இருந்தது. அதனால் சந்தில் பூனை செத்துக் கிடந்தாலும் ஒரு சந்தேகப் பார்வை பார்ப்பார்.

"மாமியாரக் கொன்னுட்டேன்னு எழுதிக் குடுத்துக்கிறாங்க மேடம்," என்றாள் அந்தப் பெண். "எழுதிக் குடுத்தது எங்க வூட்டுக்காரரு. நாளைக்கி காலைல ஸ்டேஷனுக்கு வரணுமாம். போனா திரும்ப வுட மாட்டாங்கன்னு சொல்றாங்க."

தமிழ்வேந்தன் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மலர்விழி ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டிவிட்டு, "மொதல்லருந்து சொல்லும்மா," என்றார்.

அவள் பெயர் சுபஸ்ரீ. களமருதூர்க்காரி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தபோது கல்வராயன் மலையைச் சேர்ந்த வீரமணியைப் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டு, நான்கு வருடமாக மலையில் வாழ்கிறாள். வீரமணி இப்போது பெங்களூரில் கட்டட வேலை செய்கிறான். வீட்டில் மாமியார் காசியம்மாளும் இவளும்தான். காசியம்மாளுக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை, பிரஷர். அதற்கு மேல் இரண்டு வருடம் முன்பு ரத்தப் புற்றுநோய் வந்தது. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் ஊசியும் டிரிப்ஸுமாகப் போட்டு ஒரு நிலைக்குக் கொண்டுவந்து, பிறகு மாத்திரை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு மாத்திரை தினமும் ராத்திரி. இன்னொன்று வாரத்தில் ஒரே ஒரு நாள், மூன்றாக.

"சக்கர இருக்கறதால கிட்னி கம்மியாதான் வேல செய்யுது, இந்த வார மாத்திர ஒடம்ப வுட்டு சீக்கிரம் போவாது, ஒண்ணுகூட ஜாஸ்தியாயிடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. நான் அப்படித்தான் குடுத்துக்கினு வந்தேன்."

எட்டு வாரத்துக்கு இருபத்து நான்கு மாத்திரை வாங்கி வந்தாள். இரண்டு வெள்ளிக்கிழமை கொடுத்தாள். மறுநாள் சனிக்கிழமை, அவளுடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று களமருதூர் போக வேண்டியிருந்தது. வீரமணி லீவு போட்டு வந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டான். எந்த மாத்திரையை எப்படிக் கொடுப்பது என்று இவள் போனில் சொல்லியிருந்தாள். அடுத்த சனிக்கிழமை இவள் திரும்பியபோது, காசியம்மாளுக்கு வாயெல்லாம் புண், அனலாகக் காய்ச்சல். மாத்திரை டப்பாவைத் திறந்தால் காலி அட்டைகள்தான் கிடந்தன. ஏன் காலி என்று கேட்க அப்போது நேரமில்லை. ஆஸ்பத்திரியில் காட்டி அதையே வாங்கலாம் என்று காலி அட்டைகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, வண்டி பிடித்து மாமியாரை அழைத்துக்கொண்டு ஓடினாள். எட்டு நாள் வைத்திருந்தார்கள். ரத்தத்தில் வெள்ளை அணுவே இல்லை. ஒன்பதாம் நாள் காசியம்மாள் இறந்துபோனார்.

"வார மாத்திர பல மடங்கு உள்ள போயிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அத்தையோட தம்பி சின்னக்கண்ணு, ஆதார் கார்டு தேடறேன்னு எம் பையக் கொட்டனாரு. காலி அட்ட வந்து வுழுந்துச்சி. அதோட முடிஞ்சிது."

"சண்ட சச்சரவு உண்டா?" என்று கேட்டார் தமிழ்வேந்தன்.

அவள் மறைக்கவில்லை. "உண்டுங்க. ரெண்டு வருஷமா பீ மூத்திரம் அள்ளிப் போட்டுக்கினு இருந்தேன். ஒரு நாள் அசதில, இந்த வூட்ல எனக்கு எப்பதான் விடியும்னு கத்திட்டேன். பக்கத்து வூட்ல கேட்டுக்கினு இருந்தாங்க."

மலர்விழி புகாரை நிதானமாகப் படித்தார். நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியை விரலால் தொட்டுத் தமிழ்வேந்தனிடம் காட்டினார். "நான் வீட்டில் இருந்த நாட்களில் ராத்திரி மாத்திரையும் வெள்ளி மாத்திரையும் மட்டுமே கொடுத்தேன். வேறு எதையும் தொடவில்லை" என்று இருந்தது. ஆஸ்பத்திரி கொடுத்த தாளிலும் அதேதான். வார மாத்திரை வெள்ளிக்கிழமை மட்டும் கொடுக்கப்பட்டதாக மகன் கூறினார் என்று ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தது.

தமிழ்வேந்தன் பழைய பில் ஒன்றின் பின்பக்கம் கணக்குப் போட்டார். இருபத்து நான்கில் இவள் கொடுத்தது ஆறு. மகன் ஒரு வெள்ளிக்கிழமை கொடுத்தது மூன்று. மீதி பதினைந்து மாத்திரைக்குக் கணக்கு இல்லை. "யாரோ நசுக்கிக் கஞ்சில கலந்திருக்காங்க மேடம்," என்றார் குரலைத் தாழ்த்தி. "அந்தத் தம்பி சின்னக்கண்ணு மேலதான் எனக்குச் சந்தேகம். ஆதார் கார்டு தேடறவன் எதுக்குப் பொம்பள பையக் கொட்றான்?"

மலர்விழி சுபஸ்ரீ பக்கம் திரும்பினார். "சர்க்கர மாத்திரைய யாரு குடுத்தீங்க?"

"அத அத்தையே எடுத்துப் போட்டுக்கும் மேடம். எட்டு வருஷமா ஒரு நாளு தவறனதில்ல. மலை ஆஸ்பத்திரில மாசா மாசம் வாங்கறது. சக்கரைக்கு ரெண்டு, பிரஷருக்கு ஒண்ணு. மூணையும் காலைல ஒண்ணா போட்டுக்கும். நாங்க யாரும் அதத் தொட மாட்டோம்."

"ஆஸ்பத்திரில சேத்தப்ப சர்க்கர நானூத்தி எண்பதுன்னு போட்டிருக்கு."

"ஆமாங்க. ஏன்னு தெரியல."

மலர்விழி எழுந்து ஷட்டரை இறக்கினார். பொங்கலுக்குக்கூட அரை நாள்தான் மூடும் கடை அது. கொலை ஒரு பக்கம் கிடக்க இவர் சர்க்கரையை விசாரிக்கிறாரே என்று தமிழ்வேந்தனுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஸ்டூலை உள்ளே தள்ளிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

கச்சிராயபாளையத்தில் பஸ் நின்றபோது கூட்டம் ஏறியது. "வெள்ளி, வெள்ளி, வெள்ளி" என்று படியில் தொங்கியபடி கண்டக்டர் கூவினான். பிறகு இவர்களிடம் வந்து, "கரியாலூரா, வெள்ளியா?" என்று கேட்டான்.

மலர்விழி டிக்கெட் வாங்கிய கையை மடக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். "ஏட்டய்யா, இன்னிக்கி இன்னா கெழம?" என்றார்.

"செவ்வாய். ஏன் மேடம்?"

"ஒண்ணுமில்ல. அந்த ஸ்டேஷன் எஸ்.ஐ. உங்களுக்குத் தெரிஞ்சவர்தான? அவரயும் அந்த வூட்டுக்கு வரச் சொல்லுங்க."

பஸ் மலை ஏறத் தொடங்கியது. பக்கத்து சீட்டில் சுபஸ்ரீ இரண்டு கையாலும் பையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். கோமுகி அணை கீழே சுருங்கிக்கொண்டே போனது. மலர்விழியின் முகத்தைப் பார்த்த தமிழ்வேந்தனுக்கு, அவர் எதையோ கண்டுபிடித்துவிட்டார் என்று தெரிந்தது. கண்டுபிடித்தவருடைய முகம் ஏன் இப்படி இருண்டு கிடக்கிறது என்பதுதான் விளங்கவில்லை.

வெள்ளிமலையில் இறங்கி மூன்று கிலோமீட்டர் ஆட்டோவில் போனார்கள். மரவள்ளிக் கொல்லையை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு. மொட்டையடித்த தலையுடன் வீரமணி வாசலில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயதுகூட இராது, கண் மட்டும் குழி விழுந்துபோயிருந்தது. அவன் பக்கத்தில் மாமன் சின்னக்கண்ணு. சுபஸ்ரீயைக் கண்டதும் சின்னக்கண்ணு எழுந்து, "இவ வூட்டுக்குள்ள கால வெக்கக் கூடாது," என்றார்.

"வைக்க மாட்டா. நாங்க மட்டும் பாத்துட்டுப் போறோம்," என்றார் மலர்விழி. அதற்குள் எஸ்.ஐ. இளவரசன் பைக்கில் வந்து சேர்ந்தார். தமிழ்வேந்தன் போன் போட்டு வரவழைத்தவர். அன்றைக்குத் தன்னால் உருப்படியாக நடந்த காரியம் இது ஒன்றுதான் என்று தமிழ்வேந்தனே பின்னால் ஒத்துக்கொண்டார்.

உள்ளே சுவர் அலமாரியில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. மூடி மேல் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, ஒன்றில் 'ராத்திரி' என்றும் இன்னொன்றில் 'வெள்ளி' என்றும் பேனாவால் எழுதியிருந்தது. பக்கத்தில் மலை ஆஸ்பத்திரியின் காக்கிக் கவர். மலர்விழி டப்பாக்களை விட்டுவிட்டு அந்தக் கவரைத்தான் எடுத்தார். அதில் இருந்த அட்டைகளை வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்தார்.

"இத எப்ப வாங்கினது?"

"நான் ஊருக்குப் போறதுக்கு முந்தின வாரம், புதன்கெழம," என்று வெளியே கொல்லை ஓரம் நின்றபடியே சுபஸ்ரீ சொன்னாள். "அடுத்த நாள்லருந்து போட ஆரம்பிச்சிச்சி."

"வியாழன்லருந்து மறு சனிக்கெழம வரைக்கும் பத்து நாள். பத்து நாளுக்கு மாத்திரை சரியா எடுத்திருக்கு. அதோட நின்னு போச்சு. எட்டு வருஷம் வுடாதவங்க அந்த ஞாயித்துக்கெழமலருந்து ஏன் வுட்டாங்க?" மலர்விழி வெளியே வந்து வீரமணியின் எதிரே தரையில் உட்கார்ந்தார். "தம்பி, அம்மாவுக்கு நீங்க வெள்ளி மாத்திரை குடுத்தீங்கல்ல. அது எங்க வாங்கின மாத்திரை?"

"எங்கன்னா? வெள்ளிலதான். ஆஸ்பத்திரில," என்றான் வீரமணி.

மலர்விழி கண்ணை மூடிக்கொண்டார். தமிழ்வேந்தனுக்கு அப்போதும் ஒன்றும் ஓடவில்லை. அட்டை வெள்ளிக் கலரில் இருப்பதைச் சொல்கிறானோ என்று யோசித்து, அதை வாய்விட்டும் கேட்டுவிட்டார். "எல்லா அட்டையும் வெள்ளிக் கலருதான் ஏட்டய்யா," என்றார் மலர்விழி. பிறகு எஸ்.ஐ. பக்கம் திரும்பினார். "இத உங்ககிட்ட மட்டும் தனியா சொல்லலாம்னு பாக்கறேன்."

சின்னக்கண்ணு குறுக்கே வந்தார். "அதெல்லாம் முடியாது. எங்க அக்கா செத்துப் போயிக்கிறா. இன்னா சொல்றதா இருந்தாலும் இங்கயே, எங்க எதிர்ல சொல்லுங்க."

மலர்விழிக்குச் சொல்ல மனசே இல்லை என்பது தமிழ்வேந்தனுக்குத் தெரிந்தது. ஆனால் சொல்லாமல் எழுந்து போனால், கொல்லை ஓரமாக நிற்கும் அந்தப் பெண் நாளைக்கு உள்ளே போய்விடுவாள். வேறு வழியே இல்லை.

"தம்பி, உங்க வூட்டுக்காரம்மா போன்ல என்ன சொன்னாங்க?"

"ராத்திரி மாத்திர ஒண்ணு, வெள்ளி மாத்திர மூணு, டப்பா மேல எழுதி வெச்சிக்கிறேன், மறக்காதீங்கன்னு சொல்லிச்சி. நான் ஒரு நாளு வுடல மேடம். தெனம் காலைல கஞ்சி குடிச்சதும் மூணு குடுத்தேன். வெள்ளி மாத்திர மூணுன்னு எனக்கே தெரியுமே. சக்கரைக்கு ரெண்டு, பிரஷருக்கு ஒண்ணு."

எஸ்.ஐ. நிமிர்ந்து பார்த்தார். கொல்லை ஓரத்தில் சுபஸ்ரீ வாயைப் பொத்திக்கொண்டாள்.

"களமருதூர்ல பொறந்த பொண்ணுக்கு வெள்ளின்னா கெழம," என்றார் மலர்விழி. "மலைல பொறந்தவங்களுக்கு வெள்ளின்னா ஊரு. பஸ்ல கண்டக்டர் அப்படித்தான் கூப்புடறான். இந்தப் பொண்ணு அந்த டப்பால வெச்சது கேன்சருக்கான வார மாத்திரை. வெள்ளிக்கெழம மட்டும் குடுக்க வேண்டியது. நீங்க படிச்சது வெள்ளிமலை ஆஸ்பத்திரி மாத்திரைன்னு, அது தெனம் போடறது. அதுவும் மூணு, இதுவும் மூணு. அதனால உங்களுக்குச் சந்தேகமே வரல. ஞாயித்துக்கெழமலருந்து வெள்ளிக்கெழம வரைக்கும் ஆறு நாளு. ஆறு மூணு பதினெட்டு. டப்பால மீதி இருந்ததும் பதினெட்டுதான். கணக்கில்லன்னு ஏட்டய்யா சொன்ன பதினஞ்சும் இதுலயே அடங்கிப் போச்சு."

"புகார்ல வெள்ளி மாத்திரை மட்டும்தான் குடுத்தேன்னு எழுதிக்கிறாரே," என்றார் எஸ்.ஐ.

"உண்மையத்தான் எழுதிக்கிறாரு. வார மாத்திரைன்னு வேற ஒண்ணு இருக்கு, அத இந்தப் பொண்ணுதான் குடுத்திருக்கும்னு நெனச்சிட்டாரு. ஆஸ்பத்திரிலயும் அதத்தான் சொன்னாரு. டாக்டர் காதுல அது வெள்ளிக்கெழமன்னு வுழுந்துச்சி. அவரும் அப்படியே எழுதிட்டாரு. எல்லாரும் ஒரே வார்த்தயத்தான் சொன்னாங்க, அதனால எல்லாரும் ஒத்துப் போறதா தெரிஞ்சுது."

"அக்காவுக்குத் தெரியாதா? எட்டு வருஷமா போடற மாத்திர," என்று சின்னக்கண்ணு கேட்டார். குரலில் பழைய வேகம் இல்லை.

"மாசத்துக்கு மாசம் அந்த மாத்திரை கலரும் சைசும் மாறும். அவங்களுக்குக் கண்ணு எப்படி?"

"மங்கல்தான். சக்கரையால," என்றாள் சுபஸ்ரீ தள்ளி நின்றபடி. "வார மாத்திர குடுக்கும்போது நான் அத்தைகிட்ட வார மாத்திரன்னுதான் சொல்லுவேன். வெள்ளின்னு சொன்னதில்ல. இவருக்குக் கெழம மறந்துடக் கூடாதுன்னுதான் டப்பால அப்படி எழுதினேன்."

"மவன் கைல வெச்சி, வெள்ளி மாத்திரைம்மான்னு குடுக்கறான்," என்றார் மலர்விழி. "தன்னோட சர்க்கர மாத்திரையத்தான் எடுத்துக் குடுக்கறான்னு அவங்களும் நெனச்சிட்டாங்க. அதனாலதான் கவர்ல இருந்தத தொடல. சர்க்கர நானூத்தி எண்பதுக்குப் போனது அதனாலதான். நான் அங்கருந்துதான் புடிச்சேன். கிட்னி வேற கம்மியா வேல செஞ்சதால, போன மருந்து வெளிய வரல, உள்ளயே சேந்துக்கினு போச்சு." மலர்விழி எழுந்து நின்றார். "கொல்லணும்னு இங்க யாரும் நெனைக்கல எஸ்.ஐ. சார். ரெண்டு பேரும் அந்தம்மாவக் காப்பாத்ததான் பாத்தாங்க."

வீரமணி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கத்துவான், மார்பில் அடித்துக்கொள்வான் என்று தமிழ்வேந்தன் எதிர்பார்த்தார். அவன் ரொம்ப சாதாரணமாகத்தான் பேச ஆரம்பித்தான்.

"கடைசி ரெண்டு நாளு முழுங்க முடியல மேடம். வாயி எரியுதுடான்னுச்சி. அம்மாவே கேட்டு வாங்கிச்சி, வெள்ளி மாத்திரைய வுடக் கூடாதுடா, சக்கர ஏறிடும்னு. நான்தான் நசுக்கி, ஆறின கஞ்சில கலந்து, ஸ்பூன்ல ஊட்டனேன். சனிக்கெழம டப்பா காலியாயிடிச்சி. திங்கக்கெழம வெள்ளிக்குப் போயி வாங்கியாந்துடலாம்னு இருந்தேன்."

நசுக்கிக் கலந்திருப்பார்கள் என்று காலையில் கடையில் சொன்னது தமிழ்வேந்தனுக்கு ஞாபகம் வந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அவருடைய ஊகம் ஒன்று சரியாக இருந்தது. அதற்காக அவர் வெட்கப்பட்டார். எழுந்து போய் ஆட்டோ நின்ற இடத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

எஸ்.ஐ. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, பொதுவாகப் பேசினார். "கொலைன்னு இது நிக்காது. நீங்க இப்ப சொன்னத வாக்குமூலமா எழுதி மேல அனுப்பறேன். பெரியவங்க பாத்து முடிவு பண்ணுவாங்க. இந்தம்மா நாளைக்கி வந்து ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போனா போதும்." சின்னக்கண்ணு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

சுபஸ்ரீ அழவில்லை. வாசல் வரை வந்து, உள்ளே தன் துணிகள் இருக்கும் மூலையைக் காட்டி, எடுத்துத் தரச் சொல்லி மலர்விழியைக் கேட்டாள். மலர்விழி மடித்து வைத்திருந்த சேலைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு ஆட்டோ பக்கம் நடந்தாள். பத்தடி போவதற்குள் வீரமணி எழுந்து பின்னால் ஓடி வந்தான்.

"சுபா. எங்க போற? வூட்டுக்கு வா."

அவள் நின்றாள். ஆனால் முழுக்கத் திரும்பவில்லை.

"அத்தைக்கு நீங்க குடுத்தது தெரியாமக் குடுத்தது. நானும் வெள்ளிக்கெழமன்னு முழுசா எழுதிருக்கணும். அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு உண்டு. அத என் வாயால ஒரு நாளும் உங்களச் சொல்லிக் காட்ட மாட்டேன்."

"அப்பறம் இன்னா?"

"எம் மேல நாலு பக்கம் எழுதிக் குடுத்தீங்களே, அது தெரியாம எழுதினதா? ஒக்காந்து எழுதி, படிச்சிப் பாத்து, கையெழுத்துப் போட்டீங்க. ஆஸ்பத்திரில எட்டு நாளு ஒண்ணாதான இருந்தோம். வார மாத்திரய நீ எப்படிக் குடுத்தன்னு ஒரே ஒரு வார்த்த என்னக் கேட்டிருந்தீங்கன்னா, நான் வெள்ளிக்கெழம மட்டும்னு சொல்லிருப்பேன். அங்கயே தெரிஞ்சி போயிருக்கும். கேக்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்ல."

சுபஸ்ரீ ஆட்டோவில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு, மலர்விழிக்கும் தமிழ்வேந்தனுக்கும் இடம் விட்டு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள். டிரைவர் எங்கே போகணும் என்று கேட்டபோது, களமருதூருக்கு எந்த பஸ் முதலில் கிடைக்கும் என்று விசாரித்தாள்.